ஒரே கழகம், பதின்மூன்று ஆண்டுகள்: ஹாஸிம் எல் மஸ்ரியின் விளையாட்டு வாழ்க்கை

ஆலையடிவேம்பிலோ அக்கரைப்பற்றிலோ மாலை வேளையில் வெறுந்தரை ஒன்றைக் கண்டால் அங்கே மென்பந்துக் கிரிக்கெட் நடைபெறும்; இல்லையேல் உதைபந்தாட்டம் நடைபெறும். முட்டை வடிவப் பந்தொன்றை எமது கரையோரத்துச் சிறுவர்களின் கையில் காண்பது அரிது. றக்பி என்றால் அது கண்டிக்கும் கொழும்புக்கும் உரியது என்ற எண்ணம் இங்கு வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரி 1891 இல் தொடக்கி வைத்த பாடசாலை றக்பி, மலையகத் தலைநகரையும் மேல் மாகாணத்தையும் தாண்டிக் கிழக்கே அதிகம் வரவில்லை. ஆயினும் முஸ்லிம்களுக்கு இவ்விளையாட்டு அந்நியமானதன்று. கொழும்பு சாஹிராக் கல்லூரி றக்பி ஆடும் பாடசாலை. கிங்ஸ்வூட்டில் பயின்று, கண்டி விளையாட்டுக் கழகத்துக்கு ஆடி, தேசிய அணிக்கும் தலைமை தாங்கியவர் ஃபாசில் மரிஜா.

இலங்கையில் ஆடப்படுவது றக்பி யூனியன். நாம் இங்கு எழுத முற்படுவது அதன் சகோதர விளையாட்டான றக்பி லீக்கைப் பற்றியும், அதில் உச்சத்தை எட்டிய ஒரு முஸ்லிம் வீரரைப் பற்றியுமாகும்.

இரண்டும் பிரிந்த கதை கூலியைப் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இங்கிலாந்தின் ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைத்தோர் சனிக்கிழமைகளில் ஆட வந்தால் அன்றைய கூலியை இழந்தனர். இழந்த கூலியைக் கழகம் ஈடுசெய்ய வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கோரின. விளையாட்டுக்குப் பணம் பெறுவது கனவான்களுக்கு இழுக்கு என்று தென்பகுதிச் சீமான்கள் மறுத்தனர். அவர்களுக்குக் கூலி தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1895 ஆகஸ்ட் 29 ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்ட் நகர விடுதியொன்றில் கூடிய கழகங்கள் தனி அமைப்பைத் தொடங்கின. வயலில் ஒரு நாள் வேலை தவறினால் அன்றைய அடுப்பு என்னவாகும் என்பதை அறிந்த எமது வாசகர்களுக்கு இக்கோரிக்கையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. மறுத்த தரப்பினரான றக்பி யூனியன், பணம் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளச் சரியாக நூறு ஆண்டுகள் எடுத்தது. அது 1995 இல் நிகழ்ந்தது.

பிரிந்தவர்கள் விளையாட்டையும் மாற்றினர். யூனியனில் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். பந்துடன் ஓடுபவரை எதிரணியினர் மடக்கி வீழ்த்தினால், அவர் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டி ஆட்டத்தைத் தொடர்வார். ஆறு தடவை வீழ்த்தப்பட்டால் பந்து எதிரணிக்குச் செல்லும். எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால், அதாவது 'ட்ரை' வைத்தால், 4 புள்ளிகள். அதன் பின் கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்துச் செலுத்தினால் மேலும் 2 புள்ளிகள். இந்த 2 புள்ளி உதைதான் எமது கதாநாயகரின் கலை.

ஹாஸிம் எல் மஸ்ரி 1976 ஏப்ரல் 1 ஆம் திகதி லெபனானின் திரிப்போலி நகரில் பிறந்தார். ('எல் மஸ்ரி' என்றால் எகிப்தியர் என்று பொருள், பெயரில் எகிப்தும் பிறப்பில் லெபனானும்.) அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டிலேயே அந்நாட்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்தது. 1988 இல் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்து சிட்னியில் குடியேறியது. யுத்த பூமியிலிருந்து வந்த சிறுவன் புதிய பாடசாலையில், புதிய மொழியில், கேள்விப்பட்டிராத விளையாட்டொன்றைப் பழகியதை, சிட்னியில் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் எமது வாசகர்கள் எளிதில் கற்பனை செய்து கொள்வர். அவரும் முதலில் உதைபந்தாட்டக்காரரே. அந்தக் காலின் பழக்கம் பிற்காலத்தில் கைகொடுத்தது என்று கருதலாம்.

1996 இல் அவர் கான்டர்பரி புல்டோக்ஸ் கழகத்தின் முதல்தர அணியில் இடம்பிடித்தார். லெபனான் வம்சாவளியினர் செறிந்து வாழும் புறநகரங்களின் அணி அது. 2009 இல் ஓய்வு பெறும்வரை வேறெந்தக் கழகத்துக்கும் அவர் ஆடவில்லை. மைதானத்தின் ஓரமாக ஓடும் 'விங்கர்' இடத்தில் ஆடி, 317 போட்டிகளில் 159 ட்ரைகளையும் 891 உதைகளையும் பெற்றார். பெருக்கிக் கூட்டினால் 2,418 புள்ளிகள். 2009 பருவத்தின் தொடக்கத்தில் அன்ட்ரூ ஜோன்ஸின் 2,176 என்ற சாதனையைக் கடந்த அவர், அவுஸ்திரேலிய முதல்தரப் போட்டிகளில் மிக அதிக புள்ளிகள் பெற்றவரானார். அச்சாதனை பத்து ஆண்டுகள் நிலைத்து, 2019 இல் கமரோன் ஸ்மித்தால் முறியடிக்கப்பட்டது.

எண்களை மட்டும் பார்த்தால் இது தடையற்ற ஏற்றம் போலத் தோன்றும். உண்மை அதுவன்று. கழகங்கள் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு அங்கு உச்சவரம்பு உண்டு; பணக்காரக் கழகம் எல்லாத் திறமைகளையும் வாங்கிவிடாதிருக்க இந்த ஏற்பாடு. 2002 இல் தொடர்ச்சியாக 17 வெற்றிகளைப் பெற்று முன்னணியில் நின்ற புல்டோக்ஸ், இவ்வரம்பை மறைமுகமாக மீறியது வெளிப்பட்டது. பருவம் முடியும் தறுவாயில் 37 புள்ளிகள் கழிக்கப்பட்டு, அணி கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது. நிர்வாகம் செய்த பிழைக்கு மைதானத்தில் ஓடியவர்கள் ஓராண்டு உழைப்பை இழந்தனர். தொழில்முறை விளையாட்டில் வீரன் எவ்வளவு தூரம் பிறர் கையில் இருக்கின்றான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின், 2004 ஒக்டோபர் 3 இல், அதே அணி சிட்னி ரூஸ்டர்ஸை 16-13 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அப்பருவத்தில் எல் மஸ்ரி பெற்ற புள்ளிகள் 342. அந்த வெற்றி அணியில் இருந்த மற்றொரு இளைஞர் சொனி பில் வில்லியம்ஸ். பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர். 2008 இல் அவர் ஒப்பந்தம் முடியுமுன்னரே, சக வீரர்களிடமும் சொல்லாமல், பிரான்ஸின் கழகமொன்றுக்குச் சென்றுவிட்டார். அவ்வாண்டு புல்டோக்ஸ் கடைசி இடத்தில் முடிந்தது. எல் மஸ்ரி தங்கினார். குறுகிய காலத்துக்கே உடல் தாங்கும் தொழிலில் நல்ல விலை தேடிச் செல்பவரை நாம் குற்றஞ்சாட்டத் தயங்குகின்றோம். ஆனால் கடைசி இடத்திலுள்ள அணியுடன் 32 வயதில் தங்குபவரை மக்கள் வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்வர் என்பதும் உண்மை.

மார்க்கப்பற்றை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. இங்கு நாட்காட்டியைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது சுவையானது. அவுஸ்திரேலியப் பருவம் மார்ச்சில் தொடங்கி ஒக்டோபர் முற்பகுதியில் முடியும். 2005 வரை ரமழான் பருவத்துக்கு வெளியிலேயே விழுந்தது. ஆனால் அது முழு ஓய்வுக் காலமன்று. நவம்பரிலிருந்து கடும் உடற்பயிற்சி நடைபெறும், சிட்னியில் அப்போது கோடை, பகல் 14 மணித்தியாலங்களை எட்டும். 2006 முதல் நோன்பு போட்டிப் பருவத்துக்குள்ளேயே வந்தது. அவரது கடைசிப் பருவத்தில், 2009 ஆகஸ்ட் பிற்பகுதியில் தலைப்பிறை தென்பட்டபோது, அணி இறுதிச் சுற்றுக்களை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஆடிய காலம் சிட்னி முஸ்லிம்களுக்கு இலகுவான காலமன்று. 2001 செப்டெம்பருக்குப் பின் எழுந்த சந்தேகப் பார்வை ஒருபுறம். 2005 டிசம்பர் 11 இல் குரொனுல்லா கடற்கரையில் மத்திய கிழக்குத் தோற்றமுடையோரை இலக்குவைத்துக் கும்பல் நடத்திய வன்முறை மறுபுறம். வார இறுதியில் எல் மஸ்ரி உதைப்பதற்காகப் பந்தை நிறுத்தும்போது, அவரது பெயரைச் சொல்லி ஆரவாரித்த கூட்டத்தில் எல்லா இனத்தவரும் இருந்தனர். அந்த ஆரவாரம் வன்முறையைத் தடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். லெபனானுக்காக 2000 உலகக் கிண்ணத்தில் ஆடியவர், 2002 இல் அவுஸ்திரேலிய அணியின் சீருடையையும் அணிந்தார். 

இத்தொழிலின் விலை பின்னர்தான் தெரியவந்தது. 2004 வெற்றி அணியின் பயிற்றுநர் ஸ்டீவ் ஃபோக்ஸ், தாமும் அதே கழகத்தின் முன்னாள் வீரர், 2018 இல் 59 வயதில் மாரடைப்பால் காலமானார். அவரது மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் மூளை படிப்படியாகச் சிதையும் நோய் கண்டறியப்பட்டதாக 2019 இல் அறிவிக்கப்பட்டது. நடுக்களத்தில் மோதுபவர்களை விட விங்கர்கள் வாங்கும் அடிகள் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. 1895 இல் கேட்டது இழந்த நாளின் கூலியை. இழந்த மூளைக்கு எவ்வளவு கேட்பது என்பதை அங்குள்ள வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் விவாதிக்கத் தொடங்கியுள்ளனர்.

எல் மஸ்ரி கடைசியாகக் களமிறங்கியது 2009 செப்டெம்பர் 25 இல், நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில். அரையிறுதி நிலைப் போட்டி, எதிரணி பரமட்டா. எமது தமிழ் உறவினர் பலர் குடியிருக்கும் வென்ட்வேர்த்வில் பகுதி அந்தக் கழகத்தின் கோட்டை. 74,000 இற்கும் அதிகமானோர் திரண்டிருந்த மைதானத்தில் புல்டோக்ஸ் 12-22 எனத் தோற்றது. அவருக்கு அப்போது வயது 33.