வரைகலைச் செயலியும் வல்லார் ஊகமும்

கணிப்பொறித் திரையில் நாம் காணும் முப்பரிமாணக் காட்சிகள் பெரும்பாலும் முக்கோணங்களால் ஆனவை. முக்கோண முனைகள் திரையில் எங்கு அமையும் என்று கணக்கிடுவது முதற்பணி; அவற்றுள் அடங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் வகுப்பது அடுத்த பணி. இவற்றை விரைந்து முடிக்க அமைந்ததே வரைகலைச் செயலி. என்விடியா நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 7800 ஜிடிஎக்ஸ் செயலியில் முனைகளுக்கென 8 அலகுகளும் புள்ளிகளுக்கென 24 அலகுகளும் தனித்தனியே இருந்தன. ஒன்றன் பணியை மற்றொன்று செய்யாது.

விருந்து வீட்டில் காய் நறுக்குவோர் பரிமாறலாகாது என்று விதித்துவிட்டால், பந்தி நிரம்பி வழியும் வேளையிலும் அவர்கள் கைகட்டி நிற்க நேரும். செயலியிலும் அதுவே நிகழ்ந்தது.

அடுத்த செயலி எவ்வாறு அமையும் என்பது குறித்து 2006இல் பலவாறு ஊகங்கள் எழுந்தன. போட்டி நிறுவனமான ஏடிஐ, எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கென இருபணியும் ஆற்றவல்ல 48 பொது அலகுகளை முந்திய ஆண்டே வகுத்தளித்திருந்தது. என்விடியாவோ பழைய பிரிவினையைக் கைவிடாது என்றே பலரும் எழுதினர். அந்நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் டேவிட் கிர்க் பொது அலகுகள் குறித்து ஐயம் தெரிவித்திருந்தது அவர்களுக்குச் சான்றாயிற்று. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 10 இருபணிக்கும் ஒரே கட்டளை முறையை வகுத்தது உண்மையே. ஆயினும் கட்டளை ஒன்றானால் கருவியும் ஒன்றாக வேண்டுவதில்லை என வாதிட்டனர். தருக்க முறையில் அவ்வாதத்தில் குற்றம் காண இயலாது.

2006 நவம்பர் 8ஆம் நாள் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் வெளிவந்தது. 68.1 கோடி டிரான்சிஸ்டர்கள். 128 பொது அலகுகள்! சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியருக்கு நேரும் இடர்ப்பாடும் இத்தகையதே. எதுகை பொருந்தும், தளை பொருந்தும். நல்ல சுவடி கிடைக்கும்போது அங்கே வேறு சொல் இருக்கும்.

ஊகித்தோரிற் பலர் அலகுகளின் தொகையையே எண்ணிக்கொண்டிருந்தனர். அவற்றைக் கொண்டு வேறென்ன செய்யலாம் என்று வினவியோர் சிலரே. இருபணிக்கும் பொதுவான அலகு, படம் வரைவதல்லாத மூன்றாம் பணிக்கும் உதவும் அன்றோ? அச்செயலியோடு அறிவிக்கப்பட்ட நிரலாக்க அமைப்பின் பெயர் 'கூடா'. பெயர் தமிழ்ச் செவிக்கு எதிர்மறையாக ஒலிப்பினும், பகுத்துச் செய்யத்தக்க பிற கணக்குகளையும் அவ்வலகுகளிடம் ஒப்படைக்க வழி திறந்தது அதுவே. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், படங்களை இனங்காணும் அலெக்ஸ்நெட் என்னும் நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவிக்க, விளையாட்டுப் பிரியர்க்கென விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள் இரண்டும் ஐந்தாறு நாள்களுமே தேவைப்பட்டன.