ஈரம் காய்வதற்குள்

ஈதர் 34.6 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். வேலூரில் மே மாத நண்பகலில் ஒரு கிண்ணம் ஈதரை வாசலில் வைத்தால் அடுப்பு மூட்டாமலேயே ஆவியாகிப் போய்விடும். (வைத்துப் பார்க்க வேண்டாம், அதன் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்.) இப்படிப்பட்ட திரவத்தை நம்பித்தான் 1851-க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகமெங்கும் புகைப்படம் எடுத்தார்கள். ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் வெடிபஞ்சைக் கரைத்தால் பிசுபிசுப்பான கொலோடியன் கிடைக்கும். அதைக் கண்ணாடியில் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே டெவலப் செய்து முடிப்பதுதான் ஈரத்தட்டு முறை. 1880-களில் ஸ்டூடியோக்கள் கைவிட்ட இந்த வேலையை இன்று பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தியாவிலும் சிலர் தொடங்கியிருக்கிறார்கள்.

கொலோடியன் முதலில் டாக்டர்களிடம்தான் போனது. 1840-களின் பிற்பகுதியில் வெட்டுக்காயத்தின் மேல் தடவினால் ஈதர் பறந்துபோய், தோலோடு ஒட்டிய மெல்லிய படலம் மிஞ்சும் என்று கண்டுகொண்டார்கள். கால் ஆணிக்கும் மருவுக்கும் போடுகிற சில சொட்டு மருந்துகளில் இன்றும் அது இருக்கிறது. அந்தப் படலத்தைப் படமெடுக்கப் பயன்படுத்திக் காட்டியவர் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற லண்டன் சிற்பி. செய்முறையை 1851 மார்ச்சில் 'தி கெமிஸ்ட்' இதழில் எழுதினார், காப்புரிமை கேட்கவில்லை. தன் காகித நெகட்டிவ் காப்புரிமைக்குள் இதுவும் அடங்கும் என்று ஃபாக்ஸ் டால்பட் வழக்குப் போட்டார். 1854-ல் ஜூரி அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, யார் வேண்டுமானாலும் கொலோடியன் ஊற்றலாம் என்றானது. ஆர்ச்சருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. 1857-ல் வறுமையில் இறந்தார்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. பழைய 4க்கு 5 அங்குல ஃபீல்டு கேமரா ஒன்றும், திறப்பு அகன்ற லென்ஸ் ஒன்றும் போதும். 1840-ல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்கிட்டுத் தந்த போர்ட்ரெய்ட் லென்ஸ் வகை என்றால் இன்னும் நல்லது. தட்டு கூசத்தக்க அளவுக்கு மந்தமானது என்பதால் லென்ஸ் வேகமாக இருந்தே ஆக வேண்டும். தட்டின் வேகம், ஃபிலிம் கணக்கில் சொன்னால், ஐஎஸ்ஓ 1-க்கு அருகில் வரும். கைதேர வேண்டியது வேறு ஓரிடத்தில், ஊற்றுவதில்.

கண்ணாடியைச் சாக்குத்தூளும் ஆல்கஹாலும் கலந்த குழம்பால் தேய்த்துத் துடைக்க வேண்டும். விரல் ரேகை ஒன்று தங்கினாலும் படத்தில் அது தெரியும். துடைத்த தட்டை ஒரு கையின் விரல் நுனிகளில் மட்டமாகத் தாங்கி, நடுவில் கொலோடியனை ஒரே மூச்சில் குளம்போல ஊற்றுவார்கள். ஒரு மூலை, இரண்டாவது, மூன்றாவது என்று சாய்த்துக்கொண்டே போய், நான்காவது மூலை வழியாக மிச்சத்தைப் புட்டியில் வடிக்க வேண்டும். வடியும்போது தட்டை இப்படியும் அப்படியும் அசைக்காவிட்டால் கோடு கோடாக வரம்பு கட்டிவிடும். ஊற்றி வடிப்பது எல்லாமே சில விநாடிகளில் முடியும். எழுதிப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாத பகுதி இதுதான் என்பது என் எண்ணம். தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அவர் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால்தான் பிடிபடும்.

வடித்த மூலையை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரேகை பதிந்தும் விரலில் ஒட்டாமலும் இருந்தால் படலம் இறுகிவிட்டது. அந்தக் கொலோடியனில் அயோடைடு, புரோமைடு உப்புகள் ஏற்கெனவே கரைந்திருக்கும். இனி தட்டை நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவுள்ள சில்வர் நைட்ரேட் தொட்டியில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் இறக்கி, மூன்று நிமிடம் வைக்க வேண்டும். இடையில் ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் குறுக்குக்கோடு விழும். தொட்டிக்குள் உப்பும் வெள்ளியும் சேர்ந்து, படலத்துக்குள்ளேயே சில்வர் அயோடைடும் சில்வர் புரோமைடும் உருவாகின்றன. வெளியே எடுக்கும்போது தட்டு பால்வெள்ளையாக இருக்கும். தொட்டியில் இறக்கியதிலிருந்தே சிவப்பு விளக்கைத் தவிர இருட்டறையில் வேறு ஒளி படக் கூடாது.

கடிகாரம் இங்கேதான் ஓடத் தொடங்குகிறது. குளிர்ந்த ஊரில் பத்து நிமிடம் கிடைக்கும், வெப்பமான ஊரில் பாதிகூடக் கிடைக்காது. படலம் முழுதாகக் காய்ந்தால் டெவலப்பர் உள்ளே புக வழியில்லை. மேற்பரப்பில் மிஞ்சிய நைட்ரேட்டும் படிகமாக உறைந்து படத்தைக் கெடுக்கும். 1855-ல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன், மது வியாபாரியின் வண்டி ஒன்றை இருட்டறையாக மாற்றி இழுத்துச் சென்றதற்குக் காரணம் இதுதான். படமெடுக்கும் இடமும் கழுவும் இடமும் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

இரும்பு சல்பேட்டோடு அசெட்டிக் அமிலமும் கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்ந்தது டெவலப்பர். தட்டின் ஒரு விளிம்பிலிருந்து ஒரே வீச்சில் ஊற்றி, கீழே வழியவிடாமல் தட்டின் மேலேயே நிறுத்திவைக்க வேண்டும். ஏன் வழியவிடக் கூடாது? ஒளி பட்ட இடங்களில் முளைத்த நுண்ணிய வெள்ளிப் புள்ளிகளைச் சுற்றி மேலும் வெள்ளி படிந்துதான் படம் உருவாகிறது. அந்த வெள்ளி வருவது தட்டின் மேல் ஈரமாக ஒட்டியிருக்கும் நைட்ரேட்டிலிருந்து. இரும்பு தன் எலெக்ட்ரானைக் கொடுக்க, வெள்ளி அயனி உலோக வெள்ளியாகிறது. திரவம் வழிந்தால் படம் ஆக வேண்டிய சரக்கே வடிந்துபோகும். அமிலம் இந்த வேகத்தை மட்டுப்படுத்துகிறது. பதினைந்து விநாடி போல ஆனதும் தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது பார்க்கிறவர்கள் எல்லோரும் கூடி நிற்கும் கட்டம், ஹைப்போ என்ற நிலைநிறுத்தும் கரைசலில் போடுவது. தட்டில் அதுவரை தெரிவது மங்கிய நீலம் பாய்ந்த நெகட்டிவ். ஒளி படாத இடங்களில் மிஞ்சிய வெளிர்மஞ்சள் அயோடைடு, படிந்த வெள்ளியைவிடப் பளிச்சென்று இருப்பதே அதற்குக் காரணம். ஹைப்போ அந்த அயோடைடைக் கரைத்ததும் அடியிலிருக்கும் கறுப்பு வெளிப்படுகிறது, சாம்பல் நிற வெள்ளி அதன் மேல் வெளிச்சமாகிறது. முகம் கண்ணெதிரே திரும்பிக்கொள்வது இப்படித்தான். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்தால் அம்ப்ரோடைப். கறுப்பு மெழுகிய இரும்புத் தகட்டில் எடுத்தால் டின்டைப், பெயரில்தான் தகரம். இன்றைய பொழுதுபோக்காளர்கள் பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறிக்கப் பயன்படும் கறுப்பு அலுமினியத் தகட்டை வாங்கி வெட்டிக்கொள்கிறார்கள். துடைக்கும் வேலை மிச்சம் என்பதால் தொடங்குகிறவர்களுக்கு அதுவே எளிது.

இந்தத் தட்டின் கண் நம் கண்ணைப் போன்றதல்ல. நீலத்தையும் ஊதாவையும், அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவையும் மட்டுமே அது காணும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. சிவப்பு விளக்கின் கீழே வேலை செய்ய முடிவதும் இதனால்தான். குங்குமம் கறுப்பாக விழும், மஞ்சள் பூசிய முகம் கறுத்துத் தெரியும், நீலக் கண்கள் வெள்ளையாகப் போகும். வானம் நீலம் என்பதால் தட்டில் வெந்து வெளுத்துவிடும். 19ஆம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றில் மேகம் இல்லாததற்கு இதுவே காரணம். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒட்டினார். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் முகத்தில் பொறித்துக்கொள்ளும் பச்சைக் கோலங்கள் அன்றைய கொலோடியன் படங்களில் காணாமல் போயின. பழுப்புத் தோலும் நீலம் கலந்த மையும் நீல ஒளியில் கிட்டத்தட்ட ஒரே சாயலில் விழுந்ததால் நேர்ந்தது அது. மைக்கேல் பிராட்லி என்ற புகைப்படக்காரர் 2018-ல் 'புவாகி' என்ற கண்காட்சியில் ஒரே முகத்தை ஈரத்தட்டிலும் டிஜிட்டலிலும் எடுத்து அருகருகே வைத்துக் காட்டினார். லைட் மீட்டரை நம்ப முடியாததும் இதே காரணத்தால்தான். மாலை ஐந்து மணி வெயில் நம் கண்ணுக்குப் பொன்னாகத் தெரியும், தட்டுக்கு அது அரையிருட்டு.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழில் வந்தபோது வெப்பம்தான் பெரிய தலைவலி. 1858-ல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப் பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டிய அவரது நீளப்படம் அப்படி வந்ததுதான். அடுத்த பத்தாண்டுக்குள், 1867-68-ல், உதகையில் ஸ்டூடியோ வைத்திருந்த எட்மண்ட் லயன் அதே கோயில்களுக்குக் கண்ணாடித் தட்டுகளோடு போனார். வெயில் நாடுகளுக்கு அன்றைய கையேடுகள் சொன்ன யோசனை ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டு என்பது. இன்றும் சென்னையில் யாராவது தொடங்கினால் அதையேதான் செய்ய வேண்டும். கூடவே ஒரு ஐஸ் பெட்டியும், விடிகாலை எழுந்துகொள்ளும் மனமும் வேண்டும்.

ஜூலியா மார்கரெட் கேமரனையும் சொல்லாமல் விட முடியாது. 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு தொடங்கியவர். கோடும் கீறலும் தூசியும் விழுந்த தட்டுகளை அப்படியே வெளியிட்டு, அன்றைய புகைப்படச் சங்கத்து விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1875-ல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் களுத்துறைக் கிராமத்தினரையும் படமெடுத்தார். 1879-ல் மலையகத்திலேயே இறந்தார். அவருடைய பிழைகள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அதைச் சாக்காக வைத்து ஊற்றத் தெரியாத தட்டையெல்லாம் கலை என்று சொல்லிக்கொள்பவர்களும் இந்த வட்டத்தில் உண்டு. கேமரனுக்கு முகத்தின் மேல் ஒளியை விழவைக்கத் தெரிந்திருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டினில் உலர்தட்டு செய்யலாம் என்று எழுதினார். ஈதர் ஆவி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததும் அவரை அந்தப் பக்கம் தள்ளியது. ஈரத்தட்டின் கதை அத்தோடு முடிந்தது போலத் தோன்றினாலும், பத்திரிகைகளுக்கு பிளாக் தயாரித்த பட்டறைகளில் அது 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் இருந்தது. கோடு அவ்வளவு கூர்மையாக வேறு எதிலும் விழவில்லை. படமெடுப்பவர்களிடம் அது திரும்பி வந்தது அமெரிக்காவில். உள்நாட்டுப் போரின் சண்டைகளை அந்தக்கால உடையணிந்து நடித்துக் காட்டும் கூட்டத்தாருக்கு அந்தக்காலப் படமும் தேவைப்பட்டது. ஜான் காஃபர் என்பவர் 1978 முதல் குதிரை வண்டியில் ஊர் ஊராக டின்டைப் எடுத்துத் திரிந்தார். பிறகு நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணையில் தங்கி, வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ராச்செஸ்டரில் மார்க் ஆஸ்டர்மனும் பிரான்ஸ் ஸ்கல்லி ஆஸ்டர்மனும் பழைய கையேடுகளைச் செய்து பார்த்து, சரியானதைப் பிரித்து எழுதினார்கள். சாலி மான் போன்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர்கள் கற்றது அவர்களிடம்தான்.

இப்படிக் கைமாறி வந்ததால் இந்த வட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் தங்கள் நல்ல தட்டைக் காட்டி யோசனை கேட்பதில்லை, கெட்டுப்போனதைத்தான் காட்டுவார்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அனுபவப்பட்டவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். வால்நட்சத்திரம் போல வெள்ளைப் புள்ளி விழுந்தால் கொலோடியனிலோ தொட்டியிலோ தூசி. மூலையிலிருந்து சிப்பி வரிபோலக் கறை பரவினால் தட்டைக் கேமராவில் பொருத்தும் ஹோல்டரைத் துடைக்கவில்லை. படலம் தோலாக உரிந்து வந்தால் கண்ணாடி விளிம்பைத் தீட்டவில்லை, அல்லது விளிம்பில் முட்டை வெள்ளைக்கரு தடவவில்லை. முழுத் தட்டும் மூட்டம் போட்டது போல இருந்தால் சில்வர் தொட்டி அழுக்காகிவிட்டது அல்லது அமிலத்தன்மை குறைந்துவிட்டது. ஒவ்வொரு தட்டும் கொஞ்சம் ஈதரையும் ஆல்கஹாலையும் தொட்டியில் விட்டுப்போகிறது. அதற்கு வைத்தியம் வெயில். கரைசலைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் வைத்தால் கரிம அழுக்கு கறுத்து அடியில் இறங்கும், வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வசதி அதிகம்.

ஆபத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் பல நாள் கறுப்பாக இருக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பைத் தேடிப் போகும். கொலோடியனில் சேர்க்கும் கேட்மியம் உப்புகள் நஞ்சு. பழைய ஆட்கள் ஹைப்போவுக்குப் பதில் பொட்டாசியம் சயனைடைப் பயன்படுத்தினார்கள், இன்றும் சிலர் பயன்படுத்துகிறார்கள். படம் சீக்கிரம் தெளியும், நிறம் இதமாக வரும் என்பது உண்மைதான். கழுவாத தட்டிலுள்ள அசெட்டிக் அமிலம் அதோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும் என்பதும் உண்மை. வீட்டின் ஒரு மூலையில் தொடங்குகிறவருக்கு அந்த இதமான நிறம் தேவையே இல்லை. ஹைப்போ போதும். பயன்படுத்திய கரைசல்களைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்க்க வேண்டும், அதில் வெள்ளி இருக்கிறது.

எல்லாம் தயாரானதும் தொட்டியை முதலில் பழக்க வேண்டும். கொலோடியன் ஊற்றிய தட்டு ஒன்றை இரவு முழுக்க அதில் போட்டுவைத்தால் கரைசல் அயோடைடைக் குடித்து நிறைந்துவிடும், மறுநாள் தட்டுகளிலிருந்து அதைத் திருடாது. முதல் தட்டுக்குக் கேமராவே வேண்டாம். ஊற்றி, தொட்டியில் இறக்கி, ஒளியே காட்டாமல் டெவலப் செய்து ஹைப்போவில் போட வேண்டும். அது சுத்தமான கறுப்பாக வர வேண்டும். சாம்பல் படர்ந்தால் இருட்டறையில் ஒளி புகுகிறது அல்லது கரைசலில் கோளாறு, லென்ஸை மாற்றிப் பயனில்லை. கறுப்பாக வந்துவிட்டால், யாரையும் உட்கார வைக்காமல் ஒரு வெள்ளைச் சட்டையையும் பித்தளைச் சொம்பையும் நிழலில் வைத்து, ஹோல்டர் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 2, 4, 8, 16 விநாடி என்று நான்கு பட்டைகள் எடுக்க வேண்டும். அன்றைய வெயிலுக்கு எத்தனை விநாடி என்பது அதில் தெரியும். புட்டியில் இருக்கும் கொலோடியன் நாளாக நாளாக அயோடின் பிரிந்து சிவந்துகொண்டே போகும், வேகமும் குறைந்துகொண்டே வரும். அதனால் அடுத்த வாரம் இந்தப் பட்டைகளை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.