கூட்டுமெய்ப்பும் சிந்தனைப் பயிற்சியும்: தமிழ் வகுப்பறையில் விக்கிமூலம்

முன்னுரை

வகுப்பறைக்குள் கணினி நுழைந்துவிட்டது என்பதனாலேயே கற்பித்தல் மாறிவிடுவதில்லை. கரும்பலகையில் எழுதியதைத் திறன்பலகையில் காட்டுவதும், 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெறும் கியூஆர் குறியீட்டின்வழிக் காணொலி பார்ப்பதும் பயனுடையனவே. எனினும் அவை மாணவரைக் கேட்போராகவும் காண்போராகவுமே நிறுத்துகின்றன. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கற்றலைக் கால்கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கினும் கிட்டுவது கால்பங்கே. உடன்கற்பாரோடு பயில்வதனால் மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய இருகால் என்பது அவர் கணக்கு. இன்றைய வகுப்பறைத் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி அந்த முதற்காலிலேயே நின்றுவிடுகிறது. எஞ்சிய முக்காலுக்கு உதவவல்ல களமாக விக்கிமூலத்தின் மெய்ப்புப் பணியை, முதுகலைத் தமிழ் மாணவரின் பதிப்பியல் பாடத்தோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

விக்கிமூலத்தின் அமைப்பு

நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றின் படிமங்கள் தமிழ் விக்கிமூலத்தில் உள்ளன. திரையின் ஒருபுறம் அச்சுப்பக்கத்தின் படிமமும், மறுபுறம் எழுத்துணரி அதனைப் படித்துத் தந்த உரையும் அமையும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு நிறத்தில் இருக்கும். ஒருவர் திருத்தி முடித்ததும் மஞ்சளாகும். அதனைப் பச்சையாக்க, அதாவது சரிபார்க்கப்பட்டதென உறுதிசெய்ய, முன்னவர் அல்லாத வேறொருவரே வரவேண்டும். தனியொருவர் தம் பணியைத் தாமே முடித்துக்கொள்ள மென்பொருள் இடந்தருவதில்லை. கூட்டுமுயற்சி இங்கு அறிவுரையாக அன்றி, அமைப்பின் விதியாகவே இருக்கிறது.

பரலும் பாலும்

இப்பணி வெறும் தட்டச்சு வேலை என்னும் எண்ணம் முதற்பக்கத்திலேயே கலைந்துவிடும். எழுத்துணரி ‘கடல்’ என்பதைச் ‘சுடல்’ எனப் படித்தால் பிழை உடனே புலப்படும். சொற்பிழை திருத்தியே அதனைக் காட்டிக்கொடுக்கும். ‘பரல்’ என்பதைப் ‘பால்’ எனப் படித்தால் நிலைமை வேறு. இரண்டும் பிழையற்ற தமிழ்ச் சொற்கள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் வழக்கினை அறிந்த மாணவரே அவ்விடத்தில் நின்று படிமத்தை மீண்டும் நோக்குவார். பொறி தடுமாறும் இடத்தில் இலக்கிய அறிவே துணை வருகிறது.

இத்தடுமாற்றம் புதியதன்று. ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இடப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவிலேயே எழுதப்பட்டன. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் எதிர்கொண்டதும், இன்றைய மாணவர் கணினித் திரையில் எதிர்கொள்வதும் ஒருவகையில் ஒரே வினாதான். பதிப்பியல் வகுப்பில் பாடவேறுபாடு பற்றி மணிக்கணக்கில் விளக்குவதைவிட, இத்தகைய ஒரு சொல்லை மாணவர் தாமே தீர்த்துவைப்பது ஆழப் பதியும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, னை முதலியவற்றின் பழைய வடிவங்களையும் அவர் நேரில் கண்டறிகிறார்.

இதனினும் நுட்பமான சிக்கல், திருத்தாமல் விடவேண்டியதைத் திருத்துவதாகும். ‘அருகாமை’ என்னும் சொல் பிழையெனக் கற்ற மாணவர், நூலாசிரியர் அதனை எழுதியிருக்கக் கண்டால் ‘அண்மை’ என மாற்ற முற்படுவார். மூலத்தில் உள்ளவாறே தருதல் விக்கிமூலத்தின் நெறி. எழுத்துணரியின் பிழை, அச்சுக்கோப்பவரின் பிழை, ஆசிரியரின் வழக்கு ஆகிய மூன்றையும் வேறுபடுத்துவதே இங்குக் கோரப்படும் மதிப்பீட்டுத் திறன். தம் மொழியறிவைக் காட்டும் ஆவலை அடக்கிக்கொள்வதும் அதில் அடங்கும். தமிழ் மாணவர்க்கு அது எளிதன்று.

வகுப்பில் நடைமுறை

மூவர் கொண்ட குழுவில் ஒருவர் திருத்தவும், மற்றவர் சரிபார்க்கவும், மூன்றாமவர் கருத்து வேறுபட்ட இடங்களை உரையாடல் பக்கத்தில் காரணத்துடன் பதியவும் செய்யலாம். அடுத்த பக்கத்தில் பொறுப்புகள் மாறவேண்டும். இல்லையெனில் நன்கு தட்டச்சிடத் தெரிந்தவரே எல்லாவற்றையும் செய்து முடிப்பார். குழுப்பணியின் பழைய நோய் இது. வரலாற்றுப் பக்கத்தில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்பது பதிவாவதால் ஆசிரியர் இதனை எளிதில் கண்டுகொள்ளலாம்.

இடர்களும் உண்டு. படிமத்தையும் உரையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்குக் கைப்பேசித் திரை போதாது. கணினி இல்லாத மாணவர்க்கு ஆய்வக நேரம் ஒதுக்காமல் இப்பணியை வீட்டுப்பாடமாகத் தருதல் முறையன்று. மதிப்பெண்ணைப் பக்க எண்ணிக்கைக்கு வழங்கினால் விரைவே மிஞ்சும். படிமத்தைப் பாராமலே பச்சையாக்கும் போக்கு வளரும். ஆகவே மாணவர் எத்தனை பக்கம் முடித்தார் என்பதைவிட, ஐயுற்ற ஐந்து இடங்களில் எதனைக் கொண்டார், எதனை விடுத்தார், ஏன் என்று எழுதித்தரும் குறிப்பிற்கும், அதனை வகுப்பின்முன் எடுத்துரைப்பதற்கும் மதிப்பெண் வழங்குவதே பொருத்தமாகும்.