99 வாங்கிய கணினி தோட்டத்தில் ஏன் தடுமாறுகிறது?

தக்காளி இலையில் புள்ளி விழுந்தால் இப்போது பலர் கைப்பேசியில் படம் எடுத்துச் செயலியிடம் கேட்கிறார்கள். அதுவும் சட்டென்று ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரை நம்பி மருந்து வாங்கும் முன், இத்தகைய செயலிகள் எப்படிப் படிக்கின்றன என்று பாருங்கள்.

2016-இல் மொகந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 14 பயிர்கள், 26 நோய்கள், 54,306 இலைப் படங்கள். எல்லாம் ‘பிளாண்ட்வில்லேஜ்’ தொகுப்பிலிருந்து. ஒரு பகுதியைக் கொண்டு கணினிக்குக் கற்பித்து, மீதியைக் கொண்டு தேர்வு வைத்தார்கள். 99.35 விழுக்காடு சரி! ஆனால் வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது அது ஏறக்குறைய 31 விழுக்காட்டுக்குச் சரிந்தது. இதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். பேச்சில் அடிபடுவது என்னவோ 99தான்.

தொகுப்பில் உள்ளவை பறித்த இலைகள். சாம்பல் அல்லது கறுப்புத் தாளின்மேல் வைத்துப் படம் பிடித்தவை. பயிற்சிப் படமும் தேர்வுப் படமும் ஒரே கட்டிலிருந்து உருவியவை. பயிற்சி நூலின் கேள்வியே தேர்விலும் வந்தால் யார்தான் ‘ஏ’ வாங்கமாட்டார்கள்?

2022-இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. இலையைக் காட்டாமல், பின்னணியின் எட்டே எட்டுப் புள்ளிகளின் நிறத்தை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். 38 வகைகளில் குருட்டாம்போக்கில் சொன்னால் 2.6 விழுக்காடுதான் சரியாகும். கணினி 49 விழுக்காடு சரியாகச் சொன்னது! ஒரு நோயின் படங்களை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்தால் தாளின் நிறமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். நோயைப் பார்க்கவே வேண்டியதில்லை.

கற்ற தரவும் பிறகு சந்திக்கும் தரவும் இப்படி வேறுபடுவதை இயந்திரக் கற்றலில் ‘பரவல் மாற்றம்’ என்கிறார்கள்.

இப்போது பெஸ்தாரி ஜெயா பக்கம் வாருங்கள். வீட்டுக்குப் பின்னால் தக்காளிச் செடி, மழை ஈரம், ஒன்றை ஒன்று மறைக்கும் இலைகள், பின்னால் வேலியும் துணிக்கொடியும். தாளின்மேல் கிடத்திய இலையோடு இதற்கு என்ன ஒற்றுமை?

அந்த 14 பயிர்களில் நம் செம்பனையும் இல்லை, செகிஞ்சான் நெல்லும் இல்லை. அதில் மட்டும் பயின்ற செயலியிடம் செம்பனை ஓலையைக் காட்டினால், ‘தெரியாது’ என்று சொல்லாது. தனக்குத் தெரிந்த 38-இல் ஒன்றைச் சொல்லும். கனோடெர்மா பூஞ்சை அடிமரத்தை அழுகச் செய்துகொண்டிருக்க, நீங்கள் ஆப்பிள் நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நம் தோட்டத்திலும் வயலிலும் எடுத்த படங்களைச் சேர்த்துக் கற்பித்தால் நிலைமை தேறும். அதுவரை நீங்களே ஒரு தேர்வு வையுங்கள். என்ன நோய் என்று விவரம் தெரிந்தவர் ஏற்கெனவே உறுதிசெய்த பத்துச் செடிகளை, பறிக்காமல், நிற்கும் இடத்திலேயே படம் எடுத்துக் காட்டுங்கள். நோயில்லாத இரண்டையும் கலந்துவிடுங்கள். பிறகு எத்தனை சரி என்று எண்ணுங்கள்.