கண்ணில் நீர் வழிந்தாலும் கண் வறண்டிருக்கலாம்

“கண்ணுல தண்ணி கொட்டுது. அவரு கண்ணு காய்ஞ்சு போச்சுங்கிறாரு. கண்ணு சரியில்லாதது எனக்கா, டாக்டருக்கா?”

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வசிக்கும் என் அத்தை, அரசாங்கக் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. அதில் எண்ணெயும் சளி போன்ற வழவழப்பும் உண்டு. எண்ணெய் இமையோரச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. அது குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தும். உறுத்தல் தாங்காமல் கண் அவசரமாக நீரைச் சுரக்கும். அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். டாக்டர் சொன்னது சரி.

வயது ஏற ஏற இந்தத் தொல்லை கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். பட்டணத்தில் குளிர்சாதன அறையில் கண் இமைக்காமல் கணினி பார்ப்பவர்களையும் விடாது. புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். சில ஒவ்வாமை மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும்.

அத்தை கிளினிக்குக்குப் போகுமுன் பல மாதங்களாகக் கடையில் வாங்கிய ஒரு சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தார். அது கண் சிவப்பைப் போக்கும் மருந்து. பலரும் தடுமாறும் இடம் இதுதான். அந்த வகை மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும், வறட்சியைத் தீர்க்காது. தொடர்ந்து ஊற்றினால், வேகம் அடங்கியதும் கண் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். பெட்டியில் டெட்ராஹைட்ரோசோலின், நாஃபசோலின் என்றிருந்தால் அது இந்த வகை.

வறட்சிக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர். கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹையலூரோனேட் ஆகியவற்றில் ஒன்று அதில் இருக்கும். பெயர்களைப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பெட்டியை மருந்தாளரிடம் காட்டிக் கேட்டாலே போதும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் ஊற்றுபவர்கள் பதனப்பொருள் கலக்காததைக் கேட்டு வாங்க வேண்டும். பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பதனப்பொருள் அடிக்கடி பட்டால் அதுவே கண்ணைப் புண்படுத்தும்.

பதனப்பொருள் இல்லாதது பெரும்பாலும் சிறு சிறு குப்பிகளில் வரும். அத்தை மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் மறுநாளுக்கு மூடி வைத்தார். கூடாது, கிருமி சேரும். போத்தல் மருந்துக்கும் கெடு உண்டு. திறந்தபின் பலவற்றுக்கு ஒரு மாதம்தான். இப்போது அத்தை திறந்த தேதியைப் பெட்டியிலேயே பேனாவால் எழுதி வைக்கிறார்.

ஊற்றும்போது கையைக் கழுவிக்கொண்டு, கீழிமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டு. அதற்குமேல் கண் கொள்ளாது. போத்தல் முனை கண்ணிலோ இமையிலோ படக்கூடாது. பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடியிருக்கலாம். கண் அழுத்தத்திற்கு வேறு சொட்டு மருந்து எடுப்பவர்கள் ஐந்து நிமிடமாவது இடைவெளி விட வேண்டும். வலிக்கும்போது மட்டும் ஊற்றிப் பயனில்லை; தவறாமல் ஊற்றினால்தான் சுகம் தெரியும். வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் ஐந்து, பத்து நிமிடம் வைத்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் இளகும். அதற்குச் செலவும் இல்லை.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. செம்பனைக் குலை அறுக்கும்போது ஓலையோ முள்ளோ கண்ணில் பட்டால் அது வறட்சி அல்ல. கருவிழியில் பூஞ்சை பற்றலாம். அப்போது வீட்டில் மிஞ்சிய மருந்தை, அதிலும் ஸ்டீராய்டு கலந்ததை ஊற்றினால் பார்வையே போகக்கூடும். தாய்ப்பாலும் விடக்கூடாது. அடிபட்ட கண்ணோடு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அடிபடாவிட்டாலும் கடும் வலி, மங்கல், சீழ், வெளிச்சம் பட்டால் கூச்சம் இருந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.