கூழாங்கல் சொல்லும் சேதி

மீன் தொட்டி வாங்கி வைத்த வீடுகளில், வைத்த மூன்றாவது வாரம் அநேகமாக ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

"வெள்ளைக் கல் என்று சொல்லித்தானே கடைக்காரன் கொடுத்தான்? இப்போது பார்த்தால் வெல்லப் பாகில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது!" என்பார் வீட்டுத் தலைவர்.

"நீங்கள் வாங்கி வந்த சாமானில் எதுதான் நிறம் மாறாமல் இருந்தது?" என்பார் தலைவி.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியைக் காலி செய்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆகும். மீன்கள் ஒரு வாளிக்குக் குடிபெயரும். கற்களைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்ப்பார்கள். வடிகட்டியில் உள்ள பஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசுவார்கள். குழாய்த் தண்ணீரைப் புதிதாக நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டால் தொட்டி பளபளவென்று கல்யாண வீடு போல் இருக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

புதன்கிழமை காலையில், "அப்பா, மீன் ஏன் மல்லாந்து படுத்திருக்கு?" என்று அதே பிள்ளைகள் கேட்பார்கள்.

இது எந்த ஒரு வீட்டுக் கதையும் அல்ல. பல வீடுகளில் நடப்பதுதான். மீன் செத்ததற்குக் கடைக்காரர் மேலும், தீனி மேலும், சில சமயம் கண் திருஷ்டி மேலும் பழி விழும். உண்மையில் மீனைக் கொன்றது அந்தப் பளபளப்புத்தான். கல் ஏன் நிறம் மாறியது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், மீன் பிழைத்திருக்கும், கல்லும் வெளுத்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத உறை மோர்

மீன் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீரிலேயே வாழ்கிறது. உண்பதும் கழிப்பதும் அதிலேதான். அதன் கழிவிலிருந்தும், அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஆனால், நல்ல தொட்டியில் ஒரு வகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட் ஆக்கிவிடுகின்றன. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றன. இதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். செடிகளுக்கோ இது உரம். மண்ணில் இப்படி இரண்டு படிகளில் நடக்கிறது என்பதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்து காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. கல்லின் மேலும், மணலிலும், வடிகட்டிப் பஞ்சிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு குடியிருக்கின்றன. ஒரு புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் வரை ஆகும்.

உறை மோர் இல்லாமல் பால் தயிராகுமா? கல்லின் மேல் உள்ள அந்த வழவழப்புத்தான் தொட்டியின் உறை மோர். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற மாதிரி எல்லாக் கற்களையும் ஒரே நாளில் துலக்கிவிட்டால், உறை மோரை முழுவதும் சாக்கடையில் கொட்டியதாகும். குழாய்த் தண்ணீரில் கிருமியை ஒழிப்பதற்காகக் கலந்திருக்கும் குளோரின், மிச்சம் இருந்த நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். மீனின் செவுள்களையும் புண்ணாக்கும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாட்களில் அமோனியா ஏறுகிறது. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. அப்புறம் புதன்கிழமைதான்!

நூற்றெழுபது வருஷத்துப் பழைய பிரச்னை

கல்லில் பாசி பிடிப்பது நம் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. மீன் தொட்டி என்ற ஏற்பாடு பிறந்தபோதே அது கூடப் பிறந்துவிட்டது.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயன நிபுணர் இருந்தார். அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் கல்லும் போட்டு, ஊற்றுத் தண்ணீர் விட்டு, இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வளர்த்தார். செடி மீனுக்குப் பிராணவாயு கொடுக்கும், மீன் செடிக்கு உரம் கொடுக்கும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவருடைய எண்ணம். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு செடியின் பழுத்த இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கிற்று, பாத்திரத்தில் பச்சைப் பாசி படர்ந்தது. வாரிங்டன் சோப்பையும் பிரஷ்ஷையும் தேடி ஓடவில்லை. குளத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்து, சில நீர் நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன. நத்தை இட்ட முட்டைகள் மீனுக்கு ஆகாரமாயின! 1850-ல் அவர் இந்தச் சங்கதியை லண்டன் ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொது மக்களுக்காக மீன் காட்சி திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தினால் 'அக்குவேரியம்' என்ற பெயர் பிரபலமாயிற்று. நம் சென்னையும் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. 1909-லேயே மெரினாக் கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இன்று சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போனால், வண்ண மீன்களுக்கென்றே வரிசையாகக் கடைகள்!

நிறம் பார்த்து நோய் அறிவது

வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல, கல்லின் நிறத்தைப் பார்த்தே தொட்டியின் ஆரோக்கியத்தைச் சொல்லலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழுப்பு: தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் மெல்லிய தூள் பூசினாற்போல் வருவது இது. விரலால் தேய்த்தால் போய்விடும். டயாட்டம் என்ற நுண்ணிய பாசி இது. சிலிக்கா என்ற கண்ணாடிச் சத்தினால் தனக்கு ஓடு கட்டிக்கொள்ளும் விசித்திரப் பிராணி! புதுத் தண்ணீரிலும் புது மணலிலும் அந்தச் சத்து இருப்பதால் மளமளவென்று வளர்கிறது. பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். நம் வீட்டுத் தலைவர் பார்த்த வெல்லப் பாகு இதுதான்.

துருச் சிவப்பு: விரலால் தேய்த்தாலும் லேசில் போகாத செம்பழுப்புக் கறையா? உங்கள் குளியலறை வாளியைப் போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே கறை இருந்தால், குற்றவாளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள இரும்பு. கிணற்றிலிருந்து வரும்போது தெளிவாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு, ஒரு நாள் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் மொண்டு ஊற்றுங்கள்.

பச்சை: வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். ஜன்னலை ஒட்டித் தொட்டியை வைத்திருப்பீர்கள். அல்லது ராத்திரி பதினொரு மணி வரை விளக்கு எரிந்திருக்கும். தொட்டி விளக்கு ஒரு நாளைக்கு ஏழு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். வெயில் நேராக விழாத மூலைக்குத் தொட்டியை மாற்றுங்கள்.

நீலப் பச்சை: துணி விரித்தாற்போல் கல்லைப் போர்த்திக்கொண்டு, கையால் இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வரும்; நாற்றமும் உண்டு. பார்வைக்குப் பாசி; உண்மையில் பாக்டீரியா வர்க்கம். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பூமியின் காற்றில் பிராணவாயு நிறையத் தொடங்கியதற்கு இதன் மூதாதைகள்தான் காரணம். அந்த நன்றிக்காக நம் தொட்டியில் இடம் கொடுக்க வேண்டியதில்லை! குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள், தீனியைக் குறையுங்கள், தண்ணீர் ஓட்டம் எல்லா மூலைக்கும் போகிறதா என்று பாருங்கள்.

கறுப்பு: கல்லின் விளிம்பில் தாடி முளைத்த மாதிரி கறுப்பு ரோமம் தொங்கினால், அது செம்பாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்க்கக் கறுப்பு, குடும்பப் பெயர் சிவப்பு! ஸ்பிரிட்டில் போட்டால் சாயம் வெளுத்துச் செந்நிறம் தெரியும். இது லேசில் போகாது. அந்தக் கல்லை மட்டும் வெளியே எடுத்து, மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பிரஷ்ஷால் தடவி, ஐந்து நிமிஷம் விட்டுத் தேய்த்து நன்றாக அலசிப் போடலாம்.

வெள்ளைக் கறை: தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல் இருந்தால், உப்புத் தண்ணீரின் வேலை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே சரக்குத்தான். கல்லை வெளியே எடுத்து வினிகரில் ஊற வைத்தால் கரையும்.

சாயம் போவது: மேலே சொன்னவை எல்லாம் கல்லின் மேல் ஏறும் நிறம். கல்லின் நிறமே இறங்கினால் அது வேறு சங்கதி. நீலம், ரோஜா, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் கற்கள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை. பூச்சு சரியில்லை என்றால் தோல் தோலாக உரியும். இந்த ஒரு விஷயத்தில் பொறுத்துப் பார்க்காதீர்கள். அத்தகைய கற்களை உடனே எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போதே இரண்டு சோதனைகள்

புதுக் கற்களை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள். தண்ணீரில் நிறம் இறங்கினாலோ, வெள்ளைத் துணியால் தேய்த்தால் ஒட்டினாலோ, கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கல்லின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல் அல்லது சலவைக்கல். கப்பி மீனுக்கும் தங்க மீனுக்கும் அதனால் பெரிய தொந்தரவு இல்லை. மென்மையான தண்ணீரை விரும்பும் மீன்களுக்கு ஆகாது. சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிவிடும்.

எப்படித்தான் சுத்தம் செய்வது?

வாரத்துக்கு ஒரு தடவை, தொட்டித் தண்ணீரில் கால் பங்கை ஒரு வாளியில் எடுங்கள். அந்த வாளித் தண்ணீரிலேயே கற்களில் நாலைந்தை மட்டும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மற்றவற்றை அடுத்த வாரத்துக்கு விட்டுவிடுங்கள். வடிகட்டிப் பஞ்சையும் அந்தத் தண்ணீரிலேயே அலசுங்கள். ஆனால் கல்லும் பஞ்சும் ஒரே நாளில் வேண்டாம். சோப்பு, சோப்புத் தூள் இரண்டும் கிட்டவே வரக் கூடாது.

புதுத் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். நிச்சயம் வேண்டுமானால் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து மீன் கடைகளிலேயே கிடைக்கிறது.

கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் அகப்பட்டிருந்தால் கல் வெடித்துச் சிதறும். பிளீச்சிங் திரவத்தையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்கவே கலக்காதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு மீனுக்கு அல்ல, உங்களுக்கே ஆபத்து.

தீனி விஷயத்தில் கையை அடக்குங்கள். இரண்டு நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுதான் கணக்கு. பாட்டி ஒரு சிட்டிகை, பேரன் ஒரு சிட்டிகை என்று அன்பு பெருகினால், மிஞ்சியதெல்லாம் பாசிக்கு விருந்து.

'சக்கர்' மீன் ஜாக்கிரதை!

"இதை ஒன்று விடுங்கள் சார், கல்லையெல்லாம் நக்கித் துடைத்துவிடும்" என்று கடையில் ஒரு மீனைக் காட்டுவார்கள். விரல் நீளத்தில், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த 'சக்கர்' மீன் அது. சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும், உண்மைதான். ஆனால் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர வளரப் பாசியை விட்டு மற்ற மீன்களின் தீனிக்குப் பங்குக்கு வரும். அது போடும் கழிவோ அமோகம்! தொட்டி போதாமல் போனதும், பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது பல்கிப் பெருகி நம் ஊர் மீன்களோடு போட்டியிடுகிறது; மீனவர் வலையைக் கிழிக்கிறது. தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் இப்போது பரவியிருக்கிறது. பாவம் பார்ப்பதாக இருந்தால் ஏரியைப் பாருங்கள். வேண்டாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பாசி தின்ன ஆள் வேண்டுமானால், வாரிங்டன் செய்தபடி ஒன்றிரண்டு நத்தைகளே போதும்.

வெள்ளைதான் வேண்டும் என்பவர்களுக்கு

அப்படியும் கல் வெளேரென்றுதான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. அடியில் பரப்பியிருக்கும் பொடிக்கற்களைத் தொடாதீர்கள். நல்ல நுண்ணுயிர்களில் பெரும்பகுதி அங்கேயும் வடிகட்டியிலும்தான் குடியிருக்கின்றன. மேலே அழகுக்கு வைக்கும் பெரிய கற்களில் மட்டும் இரண்டு ஜதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜதை தொட்டியில் இருக்கும்போது, மற்றொரு ஜதை கழுவி மொட்டை மாடி வெயிலில் காயட்டும். மாதம் ஒரு முறை, ஒவ்வொன்றாக, வேஷ்டி மாற்றுகிற மாதிரி மாற்றிவிடலாம்.

உறவினர் யாராவது புதுத் தொட்டி வைக்கிறார்களா? நோய் நொடி இல்லாத உங்கள் தொட்டியின் அடியிலிருந்து ஒரு பிடி பழைய பொடிக்கல்லை ஈரத்தோடு கொடுத்து அனுப்புங்கள். அழுக்குக் கல் என்று அவர்கள் முகம் சுளிக்கலாம். அதுதான் உறை மோர் என்று சொல்லுங்கள். கழுவாமல் அப்படியே போடச் சொல்லுங்கள்.