இரண்டு குடும்பம், ஒரே மீற்றர்

வாடகை அறையில் இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும்தான். கரண்ட் பில் மட்டும் ஏன் இவ்வளவு?

2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது. பிறகு ஏறியும் இறங்கியும் வருகிறது. ஆனால் யாழ்ப்பாணத்து வளவுகளில் கவனிக்காமல் விடுவது மீற்றரைத்தான். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் அலகிலிருந்தே கூடிய விலை. இரண்டு குடும்பம் 45 அலகுப்படி எரித்தால், ஒரே மீற்றரில் அது 90. தனித்தனி மீற்றர் இருந்திருந்தால் இருவருக்கும் குறைந்த விலைதான்.

வீட்டுக்காரர் சொல்லும் தொகையை அப்படியே கொடுக்காமல், பில்லைக் கேட்டுப் பாருங்கள் சகோதரிகளே. கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் எங்களுக்குத் தெரியும். அதனால் சண்டையாக அல்லாமல், மாதம் தொடங்கும்போதே மீற்றர் இலக்கத்தை இருவருமாகப் பார்த்துக் கொப்பியில் எழுதி வையுங்கள். உங்கள் அறையில் எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் மீற்றர் ஓடுகிறதா? கிணற்று மோட்டார் யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று அப்போது கேட்கலாம்.